நான் கீழே இறக்கிய ஹேண்டில்

பாலு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. எழுந்து ஜெனரேட்டர் பக்கம் ஒரு நடை, பம்ப் ரூம் பக்கம் ஒரு நடை, அப்புறம் திரும்பி வந்து ஒரு வரி. காலையிலிருந்து இப்படித்தான் போகிறது. கேன்டீனில் தட்டு கழுவும் மேடைக்குப் பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கவுன்டர் இருக்கிறதே, அதில்தான் தாளை வைத்திருக்கிறேன். ஜெனரேட்டர் ரீடிங் எழுதும் தாள், பின்பக்கம் காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நீ பெங்களூரிலிருந்து இரண்டு நாள் முன்னால்தான் வருவாய். வந்ததும் வீடு நிறைய ஆள் இருக்கும், உன் காதில் ஒரு வார்த்தை போட இடம் கிடைக்காது. எஸ்.டி.டி. பூத்தில் பேசலாம் என்றால் பூத்துக்காரர் நம் தெருக்காரர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நீ வந்திருந்தபோது, உன் அம்மா பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றை நீ எடுத்து, நீயே பெயர் எழுதி என் கையில் கொடுத்தாய். "ஏழுமலை அண்ணனுக்குப்பா. நீயே நேர்ல போய்க் குடு. அன்னிக்குக் கேன்டீன்ல நான் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு" என்றாய். நான் சரி என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் பொய். ஏழுமலைக்கு வேலை போனது அந்தப் பொய்யால்தான். நீ அவனை நாலு பேர் எதிரில் திட்டியதும் அந்தப் பொய்யை நம்பித்தான். தாலி கட்டப் போகிற பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு மணவறையில் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள். எண்பதுகள் முழுக்க இந்த இடம் பம்ப் செய்யும் தொழிற்சாலை. முந்நூறு பேர் வேலை செய்தோம். காலை ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதினால் பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். நான் ஃபிட்டராகச் சேர்ந்து மெயின்டனன்ஸ் மேஸ்திரி ஆனவன். அப்புறம் ஆர்டர் குறைந்தது, ஷிப்ட் குறைந்தது, ஒரு நாள் கேட்டையே மூடிவிட்டார்கள். முதலாளியின் பிள்ளைகள் ஷெட்டுகளை இடித்துவிட்டு மூன்று கண்ணாடிக் கட்டடம் எழுப்பி, ஆபீஸ் பார்க் என்று பெயர் வைத்தார்கள். முந்நூறு பேரில் என் ஒருவனைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். என் திறமைக்கு என்று நினைத்துக்கொள்ளாதே. தரைக்கடியில் எந்தக் குழாய் எப்படிப் போகிறது, பழைய கேபிள் எங்கே புதைந்து கிடக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எஸ்டேட் டீக்கடையில் என்னைப் பார்த்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், பேச்சை மட்டும் நிறுத்திவிடுவார்கள். அந்த வேலையைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்கிற பயம் முதல் நாளிலிருந்தே எனக்கு இருந்தது.

அப்புறம் வசதிகள். அந்த வார்த்தையை மேனேஜர் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். வாசலில் நீரூற்று ஒரு வசதி. நம் போர் தண்ணீரின் உப்புக்கு வாரம் ஒரு முறை அதன் மூக்கு அடைத்துக்கொள்ளும், நான் கோணி ஊசியை வைத்துக் குத்த வேண்டும். புல்வெளி ஒரு வசதி, ஆனால் அதன் மேல் நடக்கக் கூடாது என்று போர்டு. நடப்பதற்கென்று தனியாகச் செங்கல் பாதை போட்டிருக்கிறார்கள், அதில் நடக்கிற ஒரே ஆள் நான்தான், அதுவும் கையில் ஸ்பேனரோடு. ஜிம்மில் இருக்கிற இடத்தை விட்டு நகராத சைக்கிள் ஆறு வாங்கிப் போட்டார்கள். உண்மையான சைக்கிளில் வருகிறவன் கேட்டுக்கு வெளியே பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும். பேட்மின்டன் கோர்ட், பச்சைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை, முதலுதவிக்கு ஓர் அறை, கரண்ட் போனால் உடனே எழுந்துகொள்ளும் ஜெனரேட்டர். நான் எவ்வளவுதான் கிண்டல் பண்ணினாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெங்களூர் போகும் முன் இங்கேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, நீ டை கட்டிக்கொண்டு முதல் நாள் மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் ஏறினாயே, அப்போது நான் மேலே லிஃப்ட் மோட்டார் ரூமில் நின்று அது ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது விரல் கதைக்கு வருகிறேன். என் இடது கையில் இரண்டு விரலுக்கு நுனி இல்லை. நீ இரண்டாம் கிளாஸ் படிக்கும்போது ஏன் என்று கேட்டாய். "பஸ் கதவுல மாட்டிக்கிச்சுடா" என்றேன். அதுவும் பொய்தான், பாலு. ஆயுத பூஜைக்கு நம் எஸ்டேட் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், வாழைக்கன்றும் கலர் காகிதமும் பொரி மூட்டையுமாக. ஆனால் கற்பூரம் அணைந்த பிறகு ஷெட்டுக்குள் நடப்பது வெளியாளுக்குத் தெரியாது. மேஸ்திரி போய் மெயின் கரண்ட் ஹேண்டிலைக் கீழே இறக்கிக் கும்பிடுவான். மறுநாள் காலை அதே கை அதைத் தூக்கும்வரை ஒரு மெஷினையும் யாரும் தொடக் கூடாது. வருஷம் முழுக்க உழைத்த இரும்புக்கு அன்று ஒரு நாள் ஓய்வு. நான் மேஸ்திரி ஆவதற்கு முன்னால் ஒரு வருஷம், அவசர ஆர்டர் என்று முதலாளி கெஞ்சினார், இரட்டைச் சம்பளம் என்றார். நான் தலையை ஆட்டினேன். சந்தனம் பூசிய பிரஸ்ஸை ஓட்டினேன். அதன் நெற்றியில் வைத்த பொட்டு காய்வதற்குள் என் விரல் போய்விட்டது. இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் மெஷின் துடைத்த களைப்புதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அன்றைக்கிலிருந்து, பூஜையன்று எதுவாவது ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆசைப்பட்டுப் போய் விரலைக் கொடுத்தேன் என்று பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ் கதவு என்று சொல்லிவிட்டேன்.

பார்க்கில் ஆயுத பூஜை என்றால் லாபியில் ஒரு மேஜை, கீபோர்டுக்குச் சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் கவரில் பொரி, அவ்வளவுதான். "பூஜை முடிஞ்சதும் வேலையைப் பாருங்க, வெளிநாட்டுக் கஸ்டமருக்கு லீவு கிடையாது" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். உன் கம்பெனியில் நீங்கள் நாலு பேர் வந்திருந்தீர்கள். கீழே, கரண்ட் ஹேண்டில்கள் வரிசையாக இருக்கிற பேனல் ரூமில் நானும் ஏழுமலையும் இருந்தோம். அவனை உனக்கு அண்ணன் என்று கூப்பிடுகிற அளவுக்குத் தெரியும், எனக்கு வேலையில் தெரியும். திருமுல்லைவாயல்காரன், நாற்பதைத் தாண்டியவன், கான்ட்ராக்டில் வந்த எலக்ட்ரீஷியன். பேனலைத் தொடும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பாயில் ஏறுவான், ஸ்க்ரூவைக்கூட இரண்டு முறை தொட்டுப் பார்ப்பான். அன்று மதியம் முழுக்கப் பேனலைத் துடைத்தான். ஹேண்டில் ஒவ்வொன்றின் கீலுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். நாலரை மணிக்குக் கற்பூரம் காட்டினோம். திருநீறு பூசிக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"மேஸ்திரி, ஊட்ல பசங்க காத்துகினு கீதுங்க. கோயிலுக்கு இட்டுகினு போறேன்னு சொல்லிட்டேன். கெளம்பட்டா?"

"போடா, நான் பாத்துக்கறேன்" என்றேன். ஆறு மணி வரைக்கும் இருந்ததாக ரிஜிஸ்டரில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அப்படிப் போடுவதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

தனியாக நின்றேன். சந்தனப் பொட்டுக்கு மேலே சிவப்பு விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் தரிக்கவில்லை. எல்லாவற்றையும் இறக்க முடியாது, அந்த அறிவு இருந்தது. ஒரே ஒரு ஹேண்டில், ஒரே ஒரு நிமிஷம், ஒரு மரியாதைக்கு. ஏ.சி. ஒரு நிமிஷம் நின்றால் யாருக்கு என்ன வேர்த்துவிடப் போகிறது? எந்த ஏ.சி. என்று பார்த்தபோது மூன்றாம் மாடி கம்ப்யூட்டர் ரூம் என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. என் பிள்ளை இருக்கிற மாடி, அவனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அதைப் பிடித்து இறக்கினேன். ஆமாம் பாலு, உனக்காக வேண்டிக்கொண்டுதான் இறக்கினேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அதே நிமிஷம் கேட்டில் பெரிய கூச்சல். செக்யூரிட்டிக்காரர்கள் நடுவழியில் பூசணிக்காயை உடைத்துவிட்டு, ஓரமாகத் தள்ளாமல் பொரி தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். முதல் மாடியில் வேலை செய்கிற ஒரு பெண் ஸ்கூட்டரோடு அதில் சறுக்கி விழுந்துவிட்டாள். ஓடினேன். முழங்கை கிழிந்து ரத்தம். முதலுதவி அறைச் சாவி யாரிடம் என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. நான் பூட்டை உடைத்துப் பஞ்சு எடுத்துக் கட்டி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, அவள் அப்பா வந்ததும் ஒப்படைத்துவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அம்மா சுண்டல் கொடுத்தாள், சாப்பிட்டேன். ஹேண்டில் என் நினைவிலேயே இல்லை. நீங்கள் நாலு பேரும் ஐந்து மணிக்கே பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மேலே அந்தக் கம்ப்யூட்டர் ரூம் பூட்டியபடி வெந்துகொண்டிருந்தது.

மறுநாள் விஜயதசமி. ஹேண்டிலைத் தூக்குகிற பழைய பழக்கத்தில் ஏழு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டேன். கதவைத் திறந்தேன், வரிசையில் ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஹேண்டிலைத் தூக்கினேன். எட்டு மணிக்கு மேலே கூச்சல் கேட்டது. கம்ப்யூட்டர் ரூமின் பெரிய பெட்டி சூடேறி நின்றுபோய், உங்கள் மூன்று வார வேலை போய்விட்டது, நகல் எடுத்து வைத்த டேப்பும் பாதிதான் படிக்கிறது என்றார்கள்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஏ.சி.யில் கோளாறு இல்லை, கரண்டுதான் நின்றிருக்கிறது என்று ஏ.சி. கம்பெனி ஆள் சொல்லிவிட்டார். "காலையில நான் வந்தப்போ ஹேண்டில் கீழே கெடந்தது சார், நான்தான் தூக்கினேன்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அப்போதே மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஆறு மணி வரை ஏழுமலை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் போகச் சொன்னதை நான் சொல்வேன் என்று பார்க்கிறான் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் அதைச் சொல்லவே இல்லை. "கீலுக்கு எண்ணெ வுட்டேன் சார். லூசாகித் தானா எறங்கியிருக்கும். என் தப்புதான்" என்றான்.

பாலு, அந்த ஹேண்டில் தானாக இறங்காது. ஒரு குடம் எண்ணெய் ஊற்றினாலும் இறங்காது. மணிக்கட்டில் முழு பலம் கொடுத்து அழுத்தினால்தான் இறங்கும். அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், நான்தான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்று மாலையே அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ராட்சசன் மாதிரி நினைத்துச் செய்தேன் என்று எண்ணிவிடாதே. பயந்துபோனேன். வேலை போய்விடும், டீக்கடையில் பழைய ஆட்கள் சிரிப்பார்கள், மூன்றாம் மாடியில் உன்னைப் பார்த்து 'இவன் அப்பன்தான்' என்று கை காட்டுவார்கள். இதெல்லாம் உனக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், இத்தனை நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சும்மா. அன்று சாப்பிடும்போது தட்டில் கையை வைத்தபடி நீ கேட்டாயே, "உண்மையைச் சொல்லுப்பா, யாரு ஆஃப் பண்ணது?" என்று. அப்போது உன் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "ஏழுமலைதான், எண்ணெய் போட்டிருக்கான்" என்றேன். நீ சாதத்தைப் பிசைந்தபடி தலையை ஆட்டினாய். மறுநாள் கணக்குத் தீர்க்க வந்தவனைக் கேன்டீன் வாசலில் பிடித்து, "அறிவில்ல? மூணு வாரம் கண்ணு முழிச்சு அடிச்சதுய்யா அது. வேலை தெரியாதவனெல்லாம் எதுக்கு இதுல கை வைக்கற?" என்று கத்தினாய். நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. இதோ, இந்தக் கவுன்டருக்குப் பின்னால் குழாயைச் சரி பார்ப்பது போல உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

அதனால் உனக்கு நான் சொல்கிற புத்தி ஒன்றுதான். சுமதி நல்ல பெண். ஆவடி குவார்ட்டர்ஸில் நாலு குடும்பத்துக்கு நடுவில் வளர்ந்தவள், முகத்தைப் பார்த்தே ஆளைப் படித்துவிடுவாள். அவள் ஏதாவது கேட்டால் கேட்ட அன்றைக்கே பதில் சொல்லிவிடு. அன்று சொன்னால் ஒரு சண்டையோடு போய்விடும். நாள் போகப் போக அந்தப் பதிலைச் சுற்றி நீ வேறு வேறு பொய்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும். இந்த மூன்று வருஷத்தில் நான் பேனல் ரூமில் தனியாக நின்றதே இல்லை தெரியுமா? யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போவேன். வீட்டிலும் ஓரிடத்தில் உட்காருவதில்லை. போன வாரம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "அடப்பாவி மனுஷா, நீ நடையா நடக்கறியேன்னு சர்க்கரை வியாதியோன்னு பயந்து ரெண்டு தடவ டெஸ்ட் எடுக்க வெச்சேனே! மூணு வருஷமா உன் காப்பியில சர்க்கரைய வேற கொறைச்சேன்" என்று கரண்டியை வீசினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். "மொதல்ல அந்தாளுகிட்டப் போய்ச் சொல்லு, போ" என்று சட்டையை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

அதற்கு முன்னால் பத்திரிகையோடு மூன்று தடவை பாடிக்குப் போனேன். அவன் இப்போது பாடியில், லாரிகள் நிற்கிற பக்கம், ஒரு சின்னக் கடையில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறான். முதல் தடவை பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. இரண்டாவது தடவை எதிர்ப்பக்கம் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது தடவை கடை வாசல் வரை போய், அவன் தலை நிமிர்ந்ததும் ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். இந்த வயசில்! நாலாவது தடவை உன் அம்மாவின் கரண்டிக்குப் பயந்து உள்ளே போனேன்.

"வா மேஸ்திரி, இன்னா இவ்ளோ தூரம்?" என்று ஸ்டூலைத் தள்ளினான். நான் உட்காரவில்லை. பத்திரிகையை நீட்டினேன், உன் மன்னிப்பைச் சொன்னேன். அவன் சிரித்தான். "மன்னிப்ப நீ ஏன் தூக்கினு வர்ற? புள்ள வாய்ல வரட்டும். கோவத்துல பேசிச்சு, வுடு. தப்பு என்துதானே." அந்த 'தப்பு என்துதானே' என்ற பேச்சைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஹேண்டில், ஒரு நிமிஷம், பூசணிக்காய், காலையில் நான் தூக்கியது, எல்லாம்.

அவன் கையிலிருந்த செம்புக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. முழுச் சுற்றும் முடித்து, முடிச்சுப் போட்டு, வெட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தான்.

"வேல போனது பெரிசில்ல மேஸ்திரி. எத்தினி வேல வந்துச்சு, போச்சு. ஆனா நான் அன்னிலேந்து பேனல்ல கை வெக்கல. ஆவடில ஒரு கம்பெனில கூப்ட்டான், போவல. ஒரு சொட்டு எண்ணெய்க்கு ஹேண்டில் எறங்கும்னு தெரியாதவன் கரண்ட்ல கை வெக்கலாமா, எவனாவது செத்தா இன்னா பண்றதுன்னு. அதான் கரண்ட் இல்லாத மோட்டாரா புடிச்சிகினு குந்திகினு கீறேன். ஊட்ல லைட்ட அணைச்சிட்டு மூணு வாட்டி எழுந்து பாக்கறேன், எம் பொண்டாட்டி சிரிக்கறா. மூணு வருசம்யா. ஒரு வார்த்த. எண்ணெயால எறங்காதுடான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நீ!"

அவன் கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. வேலையைப் பறித்தேன் என்றுதான் இத்தனை நாளும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். நான் பறித்தது அதைவிடப் பெரியது என்று அந்தக் கடையில்தான் எனக்குத் தெரிந்தது. தன் கை நல்ல கை என்று நம்பியிருந்த ஒரு மனுஷனிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டேன், பாலு. "பத்திரிகைய வெச்சுட்டுப் போ. வருவேனான்னு கேக்காத" என்றான்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். மூன்று வருஷம் கழித்து இதை ஏன் கிளறுகிறீர்கள் என்று எரிச்சல்பட்டார். கேட்காமலேயே எழுதிக் கொடுத்தேன், ஹேண்டிலை இறக்கியது நான், ஏழுமலை மேல் ஒரு தப்பும் இல்லை என்று. மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஏழு மாதம். அதுவரைக்கும் வைத்திருப்பார்களா, நாளைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்களா என்று தெரியவில்லை. இந்தப் பதைப்பு வேறு, அந்தப் பதைப்பு வேறு. இதில் சோறு இறங்குகிறது.

ஏழுமலையிடமிருந்து எட்டு நாள் தகவல் இல்லை. இன்று காலை நீரூற்று மூக்கைக் குத்திக்கொண்டிருந்தேன், செக்யூரிட்டி வந்து உங்களைத் தேடி ஒரு ஆள் என்றான். கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நிற்கிறான். உள்ளே விடவில்லையாம். நான் வெளியே போனேன். கேட்டின் கம்பிக்கு வெளியே இருந்தபடி அவன் மூன்றாம் மாடிக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பத்திரிகைல மண்டபம் பேர் பாத்தேன். பழைய மண்டபமாச்சே. அங்க கரண்ட் போர்ட யார் பாக்கறது?" என்றான்.

மண்டபத்து ஆளே பார்ப்பான் என்றேன்.

"அவன் கெடக்கறான். நான் பாக்கறேன். விடியறதுக்குள்ள வந்துடுவேன். பூஜைக்கு எண்ணெ வுட்டா மாரி கீலுக்கெல்லாம் எண்ணெ வுட்டுத்தான் போடுவேன், பாக்கறியா?" என்றான். உடனே விரலை நீட்டி என் நெஞ்சுக்கு நேராகக் காட்டினான். "ஆனா நீ அந்த ரூம் பக்கம் தல காட்டக் கூடாது, சொல்லிட்டேன். போர்டு ரூம் ஜன்னல்லேந்து பாத்தா வாசல் தெரியும். பன்னீர் தெளிக்கற எடத்துல நில்லு. ரெண்டு கையும் எங் கண்ணுல படற மாரி நில்லு."

"தாலி கட்டற நேரத்துல?" என்று கேட்டேன்.

"அப்ப மட்டும் மேடைக்குப் போ. அங்கயும் கையத் தூக்கி அட்சத போடு. நான் எண்ணிப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். நான் சரி என்று சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை. அப்போதிலிருந்துதான் இந்த நடை.

பாலு, நீ மண்டபத்தில் வந்து இறங்கியதும் யார் காலிலும் விழுவதற்கு முன்னால் நேராகப் போர்டு ரூமுக்குப் போ. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போ, அவனுக்கு அது முக்கியம். உன் மன்னிப்பை உன் வாயால் கேள். என் மேல் உனக்குக் கோபம் இருந்தால், இருக்கும், அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளாதே, வந்த அன்றே என் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடு. இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன்.

சொந்தக்காரர்கள் யாராவது, மாப்பிள்ளை அப்பா ஏன் உள்ளே வராமல் பன்னீர்ச் செம்போடு வாசலிலேயே நிற்கிறார் என்று கேட்டால், காரணத்தை மறைக்காமல் சொல்லு. அவன் விளக்கைப் போடும்போது நான் அங்கேதான் இருப்பேன், எட்டு விரலும் இரண்டு அரை விரலும் அவன் கண்ணில் படும்படி, ஓர் அடிகூட நகராமல்.

அப்பா